ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போன கதை

இருபது வருஷமாக முனகிக்கொண்டே கட்டிய எல்.ஐ.சி. பாலிசி ஒன்று போன வருஷம் முதிர்ந்தது. பாங்க் கணக்கில் 3 லட்சத்துச் சொச்சம் வந்து உட்கார்ந்தது. செல்போனில் மெஸேஜ் வந்த ஐந்தாவது நிமிஷம் அந்தப் பணம் முழுசாகச் செலவாகிவிட்டது. அதுவும் இரண்டு தடவை! என் மனைவியின் மனசில் அது பாத்ரூம் டைல்ஸாகவும் பெண்ணின் காலேஜ் ஃபீஸாகவும் மாறியது. என் மனசில் அது ஒரு கறுப்புப் பெட்டியாக மாறியது.

அந்தப் பெட்டியின் பெயர் இன்டகிரேட்டட் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். விலை 2,85,000 ரூபாய். எடை 19 கிலோ. அதாவது கிலோ 15,000 ரூபாய். "முந்திரிப் பருப்பே கிலோ ஆயிரம்தான்" என்று என் மனைவி பிற்பாடு ஒப்பிட்டுச் சொன்னாள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

எனக்கு இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் எங்கள் ஆபீஸ் சீனியர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'டெசிபல் சார்'. சிலர் காபியைப் பற்றிப் பேசுவார்களே, 'டிகாக்ஷன் இரண்டாவது இறங்கினது, சிக்கரி ஒரு சிட்டிகை தூக்கல்' என்று, அந்த மாதிரி அவர் சத்தத்தைப் பற்றிப் பேசுவார்.

"உன் செட்டுல பாடகர் பாடறார்யா. என் செட்டுல அவர் எச்சில் முழுங்கறது கேட்கும்!"

ஒருத்தர் எச்சில் முழுங்குவதைக் கேட்க மூன்று லட்சமா என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆசை அப்படி.

*

இந்த வியாதி எனக்கு 1992ல் தொற்றியது. 'ரோஜா' வந்த வருஷம். எனக்குப் பதினாலு வயது. அந்தப் பாட்டுகளில் அடியில் ஒரு பாஸ் உருளுமே, அது எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் உருளவில்லை, இருமியது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். அவரிடம் நச்சரித்து ஒரு 'ஃபோர் ஃபோர் ஃபார்ட்டி' செட் அசெம்பிள் பண்ணிக்கொண்டேன். சான்யோ கம்பெனியின் எல்.ஏ.4440 என்ற ஐ.சி. அது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் டீக்கடை, ஷேர் ஆட்டோ, கல்யாண வீடு என்று அது பாடாத இடமில்லை. ஒரு பக்கத்துக்கு வெறும் 6 வாட். ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்யக் காசு இல்லை. ஒரு மண்பானை வாங்கி அதன் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தேன். பாஸ் வந்தது பாருங்கள்! அம்மா, 'தண்ணி ஊத்த வேண்டிய பானையில இடி இடிக்குதே' என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பா அடித்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ரெண்டாவது பானையில லேசா 'சுர்'ருங்குதுடா. ஒயர் லூஸா இருக்கும், பாரு" என்றார். பார்த்தேன். லூஸாகத்தான் இருந்தது.

அப்பாவுக்குக் கேட்காமல் இருக்குமா? அவர் தந்தி ஆபீசில் இருந்தவர். 'கட்டு கட கட்டு' என்று மோர்ஸ் சத்தம் வர வர, அதைக் காதில் வாங்கி, கையால் எழுத்தாக எழுதிக்கொண்டே போவார். கல்யாணமா, சாவா, வேலை உத்தரவா... ஊரின் தலையெழுத்து முதலில் அவர் காதில்தான் விழும். ஒரு புள்ளி தவறினால் 'வருகிறேன்' என்பது 'வரவில்லை' ஆகிவிடும். 2013 ஜூலையில் தந்தி சேவையையே நிறுத்தினார்கள். அன்று ராத்திரி அப்பா சாப்பாட்டு மேஜையில் விரலால் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். என்ன என்று நான் கேட்கவில்லை.

சரி, கதைக்கு வருவோம். பானைக்கு அப்புறம் வந்தது பி.எம்.பி.ஓ. காலம். உங்களில் கொஞ்சம் வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். செட்டின் நெற்றியில் '3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று தங்க நிற ஸ்டிக்கர். திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் பொடி எழுத்தில் 'மின் செலவு 60 வாட்' என்றிருக்கும். சுவரிலிருந்து 60 வாட் வாங்கி 3000 வாட்டாகத் திருப்பித் தருகிற பெட்டி! அதை மேட்டூர் அணையில் கொண்டுபோய் வைத்திருந்தால் தமிழ்நாட்டில் கரண்ட் கட்டே வந்திருக்காது. அந்தப் பெட்டி ஒன்றை நானும் வாங்கி ஏமாந்தேன். அதற்குப் பிறகுதான் ஆர்.எம்.எஸ். வாட் என்பதை மட்டும் நம்ப வேண்டும் என்று புத்தி வந்து, 22,000 ரூபாய்க்கு ஒழுங்கான ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு 40 வாட். பத்து வருஷமாக ஒரு மக்கர் இல்லை.

பிறகு எதற்கு மூன்று லட்சப் பெட்டி? இதே கேள்வியைத்தான் என் மனைவியும் கேட்டாள்.

*

முதலில் இந்த 'இன்டகிரேட்டட்' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு வேலை. எந்தச் சாதனத்திலிருந்து பாட்டை வாங்குவது, சத்தம் எவ்வளவு வைப்பது என்று தீர்மானிப்பது ஒன்று. நோஞ்சானாக வருகிற அந்த சிக்னலுக்கு, ஸ்பீக்கரின் கூம்பைத் தள்ளுகிற தெம்பைக் கொடுப்பது இன்னொன்று. பெரிய பணக்காரர்கள் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வாங்குவார்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தால் இன்டகிரேட்டட். ஒரே ஆள் மேனேஜராகவும் மூட்டை தூக்குகிறவராகவும் இருப்பது மாதிரி. நம்ம ஆபீஸில் நடப்பதுதானே!

நல்ல ஆம்ப்ளிஃபயருக்கு லட்சணம் ஒன்றே ஒன்றுதான். உள்ளே வந்ததைப் பெரிதாக்க வேண்டும். அதில் எதையும் சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது. நல்ல தந்தி குமாஸ்தா மாதிரி.

டெசிபல் சார் என்னை ஒரு ஷோரூமுக்கு அழைத்துப் போனார். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏ.சி., கணுக்கால் புதைகிற கார்ப்பெட், சுவரெல்லாம் திரை. நடுவில் ஒரே ஒரு சோபா. ஒரு டை கட்டிய இளைஞர் பாதாம் பால் கொடுத்தார். முதலில் லட்ச ரூபாய்ப் பெட்டியில் ஒரு பாட்டு. பிறகு 2,85,000 ரூபாய்ப் பெட்டியில் அதே பாட்டு.

"வித்தியாசம் தெரியுதா சார்?"

பாதாம் பாலைக் குடித்துவிட்டு 'தெரியலை' என்று சொல்ல எந்தத் தமிழனுக்கு மனசு வரும்? "ஆஹா!" என்றேன். சத்தியமாக எனக்கும் இரண்டாவதுதான் நன்றாகக் கேட்டது. பாட்டு பக்கத்தில் வந்த மாதிரி, தெளிவாக.

வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டாவது பெட்டிக்கு மாற்றியபோது அந்த இளைஞர் வால்யூம் குமிழைத் தொட்டார். எவ்வளவு திருப்பினார் என்று நான் பார்க்கவில்லை.

*

தூக்கம் போய்விட்டது. அந்த வாரம் முழுக்கப் பழைய ஆடியோ பத்திரிகைச் சமாசாரங்களைத் தேடித் தேடிப் படித்தேன். இந்தச் சண்டை நேற்று வந்ததில்லை என்று தெரிந்தது.

இங்கிலாந்தில் 'குவாட்' கம்பெனியை நிறுவிய பீட்டர் வாக்கர் 1978ல் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். தன் கம்பெனியின் மூன்று தலைமுறை ஆம்ப்ளிஃபயர்கள். ஒன்று 1950களின் வால்வு செட், இரண்டு டிரான்சிஸ்டர் செட். காது பழகினவர்களை உட்கார வைத்து, எது எது என்று சொல்லாமல் ஓட்டிக் காட்டினார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தன் புது சரக்கும் பழைய சரக்கும் ஒன்றுதான் என்று தானே நிரூபித்துக் காட்டிய முதலாளி! இந்தக் காலத்தில் மார்க்கெட்டிங்காரர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

1985ல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற எஞ்சினீயர், 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்களிடம் ஒரு சவால் விட்டார். 'நீங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் எதையாவது கொடுங்கள். என் மலிவான பெட்டியை அதே மாதிரி பாட வைக்கிறேன்.' ஹோட்டல் ரூமில் உட்கார்ந்து, சால்டரிங் அயர்னும் கையுமாக இரண்டு நாள் வேலை செய்தார். பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டுவிட்டு, வித்தியாசம் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

1987 ஜனவரியில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை இன்னொரு சோதனையை வெளியிட்டது. 220 டாலர் ரிசீவர் முதல் 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபயர் வரை வரிசையாக வைத்து, 25 பேரை உட்கார வைத்தார்கள். 'வித்தியாசம் உண்டு' என்று சத்தியம் செய்கிறவர்களும் அதில் இருந்தார்கள். விடைகளைக் கூட்டிப் பார்த்தால், காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க்தான் வந்திருக்கும்.

இதையெல்லாம் டெசிபல் சாரிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"வெள்ளைக்காரன் காதை விடுய்யா. என் பெட்டியை உன் வீட்டுக்கே எடுத்துட்டு வரேன். உன் காதால கேளு!"

*

ஞாயிற்றுக்கிழமை காலை. டெசிபல் சாரின் மூன்று லட்ச ரூபாய்ப் பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கியது. இரண்டு பேர் பிடித்து மாடிக்கு ஏற்றினோம். என் 22,000 ரூபாய்ப் பெட்டி அதன் பக்கத்தில், பெரிய இடத்துச் சம்பந்தி முன்னால் நிற்கிற பெண் வீட்டுக்காரர் மாதிரி ஒடுங்கி நின்றது.

ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு ஸ்பீக்கர் செலக்டர் ஸ்விட்சை நடுவில் மாட்டினேன். தட்டினால் அந்தப் பெட்டி, திரும்பத் தட்டினால் இந்தப் பெட்டி. இரண்டுக்கும் அதே பாட்டு, அதே ஸ்பீக்கர். பெட்டிகளும் ஸ்விட்சும் மறைகிற மாதிரி குறுக்கே மனைவியின் காட்டன் புடவை ஒன்றைக் கட்டினேன்.

முதல் ரவுண்டு சும்மா காதால் சத்தத்தைச் சமம் பண்ணிக் கேட்டோம். "பார்த்தியா, பார்த்தியா! திரை விலகின மாதிரி!" என்று துள்ளினார் டெசிபல் சார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு மல்டிமீட்டரை எடுத்தேன். 400 ஹெர்ட்ஸில் 'ஊ' என்று ஒரே சத்தத்தை ஓட விட்டு, ஸ்பீக்கர் முனையில் வோல்டேஜை அளந்தேன். அவருடைய பெட்டி பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது, முக்கால் டெசிபலுக்குக் கொஞ்சம் மேல். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் காது 'சத்தம் கூட' என்று சொல்லாது. 'தெளிவு கூட' என்று சொல்லும். ஷோரூமில் அந்தக் குமிழ் செய்த வேலை அதுதானோ என்னவோ!

ஒரு சதவீதத்துக்குள் வரும்படி இரண்டையும் சமம் செய்தேன். பிறகு மனைவியைப் புடவைக்குப் பின்னால் உட்கார வைத்தேன். ஐந்து ரூபாய்க் காசைச் சுண்டுவாள். தலை விழுந்தால் அவர் பெட்டி, பூ விழுந்தால் என் பெட்டி. நோட்டில் குறித்துக்கொள்வாள். இப்படி 16 தடவை. 16ல் 12 சரியாகச் சொன்னால் காது நிஜமாகவே பிரிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் அது நூற்றுக்கு நாலு தடவைகூட நடக்காது.

நான் 8. டெசிபல் சார் 7.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கரண்ட் சரியில்லைய்யா உங்க ஏரியாவுல" என்றார்.

புடவைக்குப் பின்னாலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுது. ஆனா அந்த ஃபேனை நிறுத்தினா இன்னும் நல்லாக் கேட்கும்" என்றாள்.

நிறுத்தினேன். திரை விலகியது! நிஜமாகவே. பாட்டின் அடியில் அதுவரை ஒளிந்திருந்த தம்புரா கேட்டது, வயலின் வில் திரும்புகிற இடம் கேட்டது. ஆமாம், பாடகர் மூச்சு வாங்குவதும் கேட்டது. செலவு: பூஜ்யம். வேர்வை: ஒரு படி.

*

அதற்காக விலையுயர்ந்த பெட்டிகள் எல்லாம் ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். காசு எங்கே போகிறது என்று பார்ப்போம். உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர், வெளியே கனத்த அலுமினியக் கவசம், வெண்ணெய் மாதிரித் திரும்புகிற குமிழ், கொஞ்ச எண்ணிக்கையில் மட்டும் தயாரிப்பு, கப்பல் கூலி, சுங்க வரி, டீலர் லாபம், பாதாம் பால். இதில் டிரான்ஸ்ஃபார்மருக்கு அர்த்தம் உண்டு. சில ஸ்பீக்கர்கள் பட்டினி கிடந்த யானை மாதிரி. 4 ஓம் என்று போட்டிருக்கும், சில ஸ்வரங்களில் 2 ஓம் பக்கம் இறங்கி கரண்டை உறிஞ்சும். பெரிய ஹால், அந்த மாதிரி ஸ்பீக்கர், நல்ல சத்தம் என்றால் சின்னப் பெட்டி திணறும். சத்தம் கிழியும். அங்கே பெரிய பெட்டி தேவை. கை வேலைப்பாட்டை ரசிக்கிறவர்கள், கைக்கடிகாரம் வாங்குவது மாதிரி வாங்கினால் அதுவும் தப்பில்லை.

ஆனால் உங்களுக்கும் எனக்கும் இருப்பது பத்துக்குப் பன்னிரண்டு ஹால். சாதாரணமாக நாம் பாட்டு கேட்கிற சத்தத்துக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாவதில்லை. நம்பினால் நம்புங்கள். தவில் அடி விழுகிற கணத்துக்கு அதைப் போல இருபது, முப்பது மடங்கு வேண்டியிருக்கும். அதற்கும் 40 வாட்டே தாராளம். 40ஐ 80 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். கேட்கிற சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வாட் பத்து மடங்கு வேண்டும். 1970களின் கடைசியில் வந்து பெரும் புகழ் பெற்ற 'நாட் 3020' ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பக்கத்துக்கு வெறும் 20 வாட்தான்.

அப்புறம் பிசிறு. இன்றைக்கு ஒழுங்கான ஆம்ப்ளிஃபயரில் பிசிறு பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். நல்ல ஸ்பீக்கரிலேயே பாஸ் பகுதியில் நூற்றில் ஒரு பங்கு சர்வசாதாரணம். ஓட்டை ஸ்பீக்கரில் இருக்கும்போது ஆம்ப்ளிஃபயருக்கு ஒட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்?

*

இத்தனை அமர்க்களம் நடந்தபோது அப்பா ஹாலின் மூலையில் ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. பெட்டி மாறும்போதெல்லாம் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். டெசிபல் சார் விளையாட்டாக, "ஐயா, நீங்க தந்தி ஆபீஸ் காது. நீங்க சொல்லுங்க, எது நல்லாருக்கு?" என்று கேட்டார்.

அப்பா சிரித்தார். பதில் வரவில்லை. நான் பக்கத்தில் போய் உரக்கக் கேட்டேன்.

"ரெண்டுலயும் பாட்டு கேக்குதுடா" என்றார். "வார்த்தைதான் கேக்கலை."

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

இரண்டு வருஷமாகவே எங்கள் வீட்டில் ஒரு சண்டை. "அப்பா, டி.வி. சவுண்டைக் குறைங்க!" ஒரு நாளைக்கு நாலு தடவை நான் கத்துவேன். போன் அடித்தால் அவர் எடுக்கவே மாட்டார். "யார்னு பாரு" என்று என்னிடம் தள்ளிவிடுவார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது அவர் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார். வயசாகிவிட்டது என்று நினைத்தேன். முக்கால் டெசிபல் வித்தியாசத்தை மீட்டர் வைத்துக் கண்டுபிடித்த மேதைக்கு, சொந்த அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்பது தெரியவில்லை!

*

காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு ஆடியாலஜிஸ்டிடம் அனுப்பினார். சின்னக் கண்ணாடி அறை. உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை 'பீப்' 'பீப்' என்று சத்தம் விடுவார்கள். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். அப்பா தந்தி மேஜையில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். விரல் பட்டன் மேல் தயாராக இருந்தது. அமுக்க வேண்டிய பல இடங்களில் விரல் சும்மாவே இருந்தது.

அந்தப் பெண் கிராஃபைக் காட்டி விளக்கினார். கீழ் ஸ்தாயி சுமாராக இருக்கிறது. மேல் ஸ்தாயி சரிந்துவிட்டது. வயசான காதில் அதுதான் முதலில் போகும்.

"உயிரெழுத்து எல்லாம் கீழ்ப்பக்கம் சார், தெம்பா வரும். ச, ஸ, த மாதிரி மெய்யெழுத்தை அடையாளம் காட்டறதெல்லாம் மேல்பக்கம், சன்னமா வரும். அப்பாவுக்கு 'பசி', 'பதி', 'படி' மூணும் ஒண்ணாத்தான் கேட்கும். டி.வி. சவுண்டை ஏத்தினா உயிரெழுத்துதான் இன்னும் பெரிசாகும். மெய் வராது."

உயிர் இருக்கிறது, மெய் போய்விட்டது. ஒரு காலத்தில் ஒரு புள்ளி தவறவிடாத காது.

"நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கறீங்களா?" என்றார். கெத்தாக உள்ளே போனேன். நான்தான் ஆடியோ ரசிகனாயிற்றே! வெளியே வந்தபோது என் இடது காது கிராஃபில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் இருந்தது, நம்ம தெருவில் கேபிள் போடத் தோண்டி மூடாமல் விட்ட மாதிரி.

"இயர்ஃபோன் ரொம்பப் போடுவீங்களா சார்?"

தாம்பரத்திலிருந்து பீச் வரை எலெக்ட்ரிக் ட்ரெயின். பதினைந்து வருஷம். ட்ரெயின் சத்தத்தை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமே! வால்யூமை முழுசாக ஏற்றுவேன். சத்தத்தால் வருகிற சேதம் முதலில் 4,000 பக்கம்தான் பள்ளம் தோண்டுமாம். உள்காதில் மயிரிழை மாதிரி இருக்கிற செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. தலைமுடிக்காவது விக் உண்டு.

தினமும் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிற தம்பிகளுக்கு ஒரு கணக்கு. கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்பு வரம்பு இது: 85 டெசிபல் சத்தம் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 100 என்றால் கால் மணி நேரம். அவ்வளவுதான்.

நான் வாங்க நினைத்த பெட்டியின் விளம்பரத்தில் '1,00,000 ஹெர்ட்ஸ் வரை பாடும்' என்று போட்டிருந்தது. கேட்பதற்கு வௌவால் வந்தால் உண்டு. எனக்கு 4,000லேயே பள்ளம்.

*

காது கருவியும் ஒரு ஆம்ப்ளிஃபயர்தான். ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு துளி ஸ்பீக்கர். மூன்றும் சேர்ந்து முந்திரிப் பருப்பு அளவு. நிஜமான இன்டகிரேட்டட்! ஆனால் இது எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெரிதாக்காது. கிராஃபில் எங்கே சரிவோ, அங்கே மட்டும் தூக்கிக் கொடுக்கும். சன்னமான சத்தத்தைக் கூடுதலாகவும் பெரிய சத்தத்தைக் குறைவாகவும் பெருக்கும்.

விலைப்பட்டியலைப் பார்த்தேன். ஜோடி 20,000லிருந்து 4 லட்சம் வரை. ஷோரூமின் பாதாம் பால் வாசனை லேசாக அடித்தது. ஆனால் இந்தத் தடவை எனக்குப் புத்தி வந்திருந்தது. "மேடம், ரெண்டு மூணு மாடலை அப்பா கிராஃபுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணி மாட்டிப் பாருங்க. விலையை அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு 20 வார்த்தை படிப்பார். அப்பா திருப்பிச் சொல்ல வேண்டும். கருவி இல்லாமல் 7. மலிவான மாடலில் 13. நடுத்தர மாடலில் 17. மிக உசத்தியான மாடலிலும் 17.

நடுத்தர மாடலையே வாங்கினோம். ஜோடி 96,000 ரூபாய்.

வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்ததும் அப்பா திடுக்கிட்டு மேலே பார்த்தார்.

"இந்த ஃபேன் இவ்வளவு சத்தமாடா போடுது?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லவில்லை.

மாயம் எதுவும் நடந்துவிடவில்லை. முதல் இரண்டு வாரம் பேப்பர் புரட்டுகிற சத்தம், பாத்திரம் கழுவுகிற சத்தம் எல்லாம் அவரைப் படுத்தியது. கழற்றிக் கழற்றி வைத்தார். கல்யாண மண்டபத்தில் இன்னமும் கஷ்டம்தான். ஆனால் போன் அடித்தால் எடுக்கிறார். பேத்தியின் ஜோக்குக்கு எங்களோடு சேர்ந்தே சிரிக்கிறார். சில ஜோக்குக்கு எனக்கு முன்னாலேயே சிரித்துவிடுகிறார்.

*

மிச்சப் பணத்தில் பாத்ரூம் டைல்ஸ் போட்டாயிற்று. (வழுக்காத ரகம். அப்பா போய் வருகிற இடம்.) ஹாலுக்குக் கனமான திரையும் ஒரு பவானி ஜமக்காளமும் வாங்கினேன். மொசைக் தரையும் வெறும் சுவரும் சத்தத்தைப் பந்தாக எறிந்து விளையாடிக்கொண்டிருந்தன. அது அடங்கியதும் என் பழைய ஸ்பீக்கர் புதுசாகிவிட்டது. அந்த 22,000 ரூபாய் ஆம்ப்ளிஃபயர் தன் இடத்திலேயே தலை நிமிர்ந்து நிற்கிறது.

என்னிடம் யாராவது 'விலை உசந்த ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா?' என்று கேட்டால் இப்போது இந்த வரிசையைத்தான் சொல்கிறேன். முதலில் காதைச் சோதித்துக்கொள். அப்புறம் ரூமைச் சரி பண்ணு. அப்புறம் நல்ல ஸ்பீக்கர். அதைத் தாங்குகிற அளவுக்கு ஒழுங்கான ஆம்ப்ளிஃபயர். இதற்கு மேலும் காசு மிஞ்சி, பெட்டியின் அழகில் ஆசையும் இருந்தால் வாங்கிக்கொள். ஆனால் வாங்கியது அழகைத்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

டெசிபல் சார் மட்டும் இன்னும் காது டெஸ்ட்டுக்கு வரவில்லை. "எனக்கு எல்லாம் நல்லாக் கேக்குதுய்யா" என்கிறார். இரண்டாவது தடவை கேட்டால்தான் இதையும் சொல்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஃபேனை நிறுத்திவிட்டு 1986ல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தைப் போட்டேன். அப்பா ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கைப்பிடியில் விரல் தாளம் போட்டது. எனக்கு உற்சாகம் வந்து வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினேன்.

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"டேய், சவுண்டைக் கொஞ்சம் குறைடா."